எச்-1பி: தாள் யார் கையில்?

2024 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவில் ஒரு சண்டை மூண்டது. சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை வெள்ளை மாளிகையின் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஆலோசகராக டிரம்ப் அறிவித்தார். உடனே அவருடைய பழைய பதிவு ஒன்றைத் தோண்டியெடுத்துக்கொண்டு டிரம்பின் ஆதரவாளர்களே கிளம்பிவிட்டார்கள். அந்தப் பதிவு, நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் கிரீன் கார்டுக்கு நாடுவாரியாக இருக்கும் உச்சவரம்பை நீக்கச் சொன்னது. சண்டை நடந்ததோ எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவைப் பற்றி. நானும் அந்த வழியில் வந்தவன்தான் என்று எலான் மஸ்க் நடுவில் குதித்தார். கடைசியில் டிரம்பிடமே கேட்டபோது, தன்னுடைய சொத்துகளில் எச்-1பி ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் என்றார். அவருடைய ஓட்டல்களுக்கும் கோல்ஃப் மைதானங்களுக்கும் பெரும்பாலும் ஆள் வருவது எச்-2பி என்ற பருவகால வேலை விசாவில். சமையல், பரிமாறல், துப்புரவு மாதிரியான வேலைகளுக்கு.

மூன்று சங்கதிகள், ஒரே வாரத்தில், ஒரே பெயரில் பேசப்பட்டன. நம் ஊர்க் குடும்ப வாட்ஸப் குழுக்களிலும் இதேதான் நடக்கிறது. "மூளையுள்ளவனை எல்லாம் அள்ளிக்கிட்டுப் போறான்" என்று மாமா ஒருவர் போடுவார். "மலிவா ஆள் பிடிக்கிறான், வேறென்ன" என்று சித்தப்பா பதில் போடுவார். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. இருவரும் போகிற ஆளையே பார்க்கிறார்கள். அந்த ஆளின் தாள், அதாவது அங்கே இருந்து வேலை பார்க்கும் அனுமதி, யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இந்த விசாவைப் புரிந்துகொள்ள அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

## வேலையோடு ஒட்டிய வீடு

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் லயன் வீடுகள் உண்டு. தோட்டத்தில் வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அப்படி ஒரு வீட்டில் குடியிருப்பவர் கூலியை உயர்த்திக் கேட்கப் போகும்போது அவர் மனதில் ஓடும் கணக்கே வேறு. சொந்த வீட்டிலிருந்து வருபவருக்கு வேலை போனால் சம்பளம் போகும். இவருக்குச் சம்பளத்தோடு கூரையும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் போகும். மேலாளர் மிரட்ட வேண்டிய அவசியமே இல்லை. வீடு யாருடையது என்று இருவருக்கும் தெரியும். அது போதும்.

எச்-1பியில் வீடு இருக்கும் இடத்தில் ஒரு நாட்டை வைத்துப் பாருங்கள்.

எச்-1பி என்பது, குறைந்தது ஒரு பட்டப்படிப்பாவது தேவைப்படும் சிறப்புத் தொழில் ஒன்றில் வெளிநாட்டவரைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள அமெரிக்க நிறுவனத்துக்குக் கொடுக்கப்படும் அனுமதி. 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இதை இன்றைய வடிவில் கொண்டுவந்தது. முதலில் மூன்று ஆண்டு, பிறகு இன்னொரு மூன்று, ஆக மொத்தம் ஆறு. இந்த விளக்கத்தில் "நிறுவனத்துக்கு" என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பிப்பது ஊழியர் கிடையாது. நிறுவனம்தான் குடியேற்றத் துறையிடம் மனுப் போடுகிறது. மனு ஏற்கப்பட்ட பிறகே ஊழியர் ஜெமினி மேம்பாலம் பக்கத்திலுள்ள துணைத்தூதரகத்துக்குப் போய்க் கடவுச்சீட்டில் விசா ஒட்டிக்கொண்டு வருகிறார். நம் ஆட்கள் ஸ்டாம்பிங் என்று சொல்வது அதை.

ஸ்டாம்பிங் வாசலில் காட்டும் சீட்டு மட்டும்தான். உள்ளே இருந்து வேலை பார்க்கும் உரிமையின் வேர், மனுவில் இருக்கிறது. "ஸ்டாம்பிங் முடிஞ்சுது, இனி மூணு வருஷம் கவலையில்லை" என்று நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். விசாவில் இன்னும் இரண்டு ஆண்டு மிச்சமிருக்கலாம். வேலை போய்விட்டால் அந்தத் தேதிக்கு மதிப்பில்லை. அதிகபட்சம் 60 நாள் அவகாசம். இந்த 60 நாள்கூட 2017இல் வந்த விதி. அதற்குமுன் எழுத்தில் அவகாசம் என்று ஒன்றே இல்லை.

2022 நவம்பரில் மெட்டா சுமார் 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் அனுப்பியபோது இந்த 60 நாளின் அர்த்தம் பலருக்கு உறைத்தது. அமெரிக்கக் குடிமகனுக்கு அது வேலை தேடும் காலம். எச்-1பியில் இருந்தவருக்கு அதே காலம் வேலை தேடவும், புது நிறுவனம் மனுப் போடவும், முடியாவிட்டால் வீட்டைக் கொடுத்து, காரை விற்று, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கிளம்பவும் சேர்த்து.

கொத்தடிமை முறை என்று சிலர் இதைச் சொல்லிவிடுகிறார்கள். அது மிகை. 2000ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின், புது நிறுவனம் மனுப் போட்டவுடனேயே அங்கே வேலைக்குப் போய்விடலாம். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் அந்தப் புது நிறுவனம் வழக்கறிஞர் வைத்து, கட்டணம் கட்டி, மனுப் போட மனம் வைக்க வேண்டும். கதவு பூட்டியில்லை. திறக்கும் கைப்பிடி மட்டும் வெளிப்பக்கம் இருக்கிறது.

வேலையை விட்டுப் போக முடிவதற்கும் சம்பளத்துக்கும் அவ்வளவு தொடர்பா என்று கேட்கலாம். இதற்கு விசாவே சம்பந்தப்படாத ஒரு சாட்சி உண்டு. ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி நிறுவனங்கள் ஒருவர் ஆளை இன்னொருவர் இழுக்க மாட்டோம் என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. அமெரிக்க நீதித் துறை 2010இல் அதைத் தடுத்து நிறுத்தியது. பொறியாளர்கள் தொடுத்த வழக்கில் 2015இல் அந்த நான்கு நிறுவனங்களும் 41.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. அதில் பாதிக்கப்பட்டவர்களில் சொந்த நாட்டுப் பொறியாளர்களும் இருந்தார்கள். ஆள் நகர முடியாவிட்டால் சம்பளம் நகராது என்பதை சிலிக்கான் பள்ளத்தாக்கு நன்றாகவே அறிந்து வைத்திருந்தது.

இதுவரை பார்த்ததைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மனு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது, விசா வாசல் சீட்டு, வேலை போனால் 60 நாள்.

## குடவோலையும் குலுக்கலும்

1990இல் ஆண்டுக்கு 65,000 என்று வரம்பு வைத்தார்கள். இணைய நிறுவனங்கள் பெருகிய டாட்காம் காலத்தில் ஆள் பஞ்சம் என்று நிறுவனங்கள் கூச்சலிட, அது 1,15,000 ஆகி, 2001 முதல் 2003 வரை 1,95,000 வரை போனது. 2004இல் பழைய 65,000க்கே திரும்பியது. அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்குத் தனியாக 20,000 சேர்த்தார்கள். ஆக 85,000. பல்கலைக்கழகங்களுக்கும் லாப நோக்கமற்ற ஆய்வு நிறுவனங்களுக்கும் இந்த வரம்பு கிடையாது.

கேட்பவர்கள் இதைவிட எத்தனையோ மடங்கு. அதனால் குலுக்கல்.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறை பற்றிப் படித்திருப்பீர்கள். அங்கேகூட நிலம், வீடு, வயது, கல்வி எல்லாம் பார்த்துத் தகுதியானவர் பெயரைத்தான் ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். எச்-1பியில் 2020இலிருந்து வரிசை தலைகீழ். முதலில் பெயர், கடவுச்சீட்டு விவரம், 2024 வரை 10 டாலர் கட்டணம். குலுக்கலில் விழுந்த பிறகுதான் முழு மனு, தகுதி ஆய்வு எல்லாம். பத்து டாலர் என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? ஒரே ஆளுக்காக நாலைந்து நிறுவனங்கள் பதிவு செய்தன. 2023 மார்ச்சில் தகுதியான பதிவுகள் 7,58,994. அவற்றில் 4,08,891 பதிவுகள், ஒன்றுக்கு மேற்பட்ட முறை பெயர் கொடுக்கப்பட்டவர்களுடையவை. நேர்மையாக ஒரு சீட்டுப் போட்டவரின் வாய்ப்பு இவற்றுக்கு அடியில் நசுங்கியது. மறு ஆண்டு எத்தனை பதிவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு சீட்டு என்று மாற்றினார்கள். பதிவுகள் 4,70,342க்கு இறங்கின.

மாமாவின் "மூளையுள்ளவன்" வாதம் இங்கே அடிபடுகிறது. குலுக்கலுக்கு மூளையைத் தெரியாது. நோபல் அளவு ஆட்களுக்கு ஓ-1 என்ற வேறு விசா இருக்கிறது. எச்-1பி நல்ல பட்டதாரிக்கானது. அதில் மேதையும் வரலாம், சுமாரானவரும் வரலாம்.

## சித்தாளா, கொத்தனாரா?

இப்போது சித்தப்பாவின் "மலிவு" வாதத்துக்கு வருவோம். இங்கேதான் விஷயம் சுவையானது.

மனுவுக்கு முன்னால் நிறுவனம் தொழிலாளர் துறையிடம் ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். எல்.சி.ஏ. என்று பெயர். அதே வேலையில் இருக்கும் மற்ற ஊழியர்களுக்குத் தான் கொடுக்கும் சம்பளம், அந்த வட்டாரத்தின் நடப்புச் சம்பளம், இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுப்பேன் என்பது அதன் உயிர்நாடி. நடப்புச் சம்பளம் என்றால், குறிப்பிட்ட ஊரில் குறிப்பிட்ட வேலைக்குப் பொதுவாகக் கொடுக்கப்படுவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொழிலாளர் துறை இதை ஏழு வேலை நாளுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா, பார்த்தவுடன் தெரியும் தவறு ஏதாவது இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். நம் அரசு விண்ணப்பங்களின் கடைசியில் "மேற்கண்டவை யாவும் உண்மை" என்று கையெழுத்துப் போடுகிறோமே, ஏறக்குறைய அது.

அடுத்து, நடப்புச் சம்பளம் ஒரே எண்ணாக இல்லை. நான்கு படிகள். ஓர் ஊரில் ஒரே வேலை பார்க்கும் நூறு பேரைச் சம்பளப்படி குறைவிலிருந்து நிற்க வையுங்கள். முதல் படி, ஏறக்குறைய 17ஆவது ஆளின் சம்பளம். இரண்டாம் படி 34ஆவது ஆள். மூன்றாவது 50. நான்காவது 67. நடுவில் நிற்பவர் மூன்றாம் படியில் இருக்கிறார். அதாவது முதல் இரண்டு படிகளுமே நடுச் சம்பளத்துக்குக் கீழே.

கட்டட வேலையில் சித்தாளுக்கு ஒரு கூலி, கொத்தனாருக்கு ஒரு கூலி. கரண்டி பிடித்துச் சுவர் எழுப்பும் ஆளைப் பதிவேட்டில் மட்டும் சித்தாள் என்று எழுதி, சித்தாள் கூலியைச் சரியாகக் கொடுத்தால் கணக்கில் எந்தத் தப்பும் இருக்காது. எச்-1பியில் புகார் சொல்பவர்கள் காட்டுவது இதைத்தான். ஐந்தாறு ஆண்டு அனுபவமுள்ளவரை முதல் படியிலோ இரண்டாம் படியிலோ எழுதலாம். படி எது என்று முதலில் சொல்வது நிறுவனம். ஊழியர் "நான் கொத்தனார்" என்று வாதாடலாம்தான். லயன் வீட்டை நினைத்துக்கொண்டு வாதாட வேண்டும்.

2020 அக்டோபரில் இந்தப் படிகளை 45, 62, 78, 95 என்று ஒரேயடியாகத் தூக்கப் பார்த்தது தொழிலாளர் துறை. பொதுமக்கள் கருத்தைக் கேட்காமல் அவசரமாகச் செய்ததால் நீதிமன்றங்கள் அதே ஆண்டு டிசம்பரில் தள்ளிவிட்டன.

அதற்காக எச்-1பி என்றாலே கூலிக்கு மாரடிப்பது என்று எண்ணிவிடக் கூடாது. 2022 நிதியாண்டில் ஏற்கப்பட்ட மனுக்களில் நடுச் சம்பளம் ஆண்டுக்கு 1,18,000 டாலர். அமெரிக்காவின் சராசரித் தொழிலாளி அந்தத் தொகையைத் தூரத்திலிருந்துதான் பார்க்க முடியும். மலிவு என்ற சொல்லோடு "யாரைவிட?" என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். பக்கத்து மேசையில் அதே வேலையைச் செய்கிறவரைவிட, என்பதுதான் விவாதத்தின் உண்மையான ஒப்பீடு.

## முதலில் அமெரிக்கரைத் தேட வேண்டாமா?

இந்த விசா பற்றி மிகப் பரவலான நம்பிக்கை ஒன்று உண்டு. அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை என்று நிரூபித்த பிறகே வெளிநாட்டவரை எடுக்க முடியும் என்பது. படித்தவர்களே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சாதாரண எச்-1பி மனுவுக்கு அப்படி ஒரு விதியே இல்லை.

ஒரு வகை நிறுவனத்துக்கு மட்டும் இருக்கிறது. 50 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 15 சதவீதமோ அதற்கு மேலோ எச்-1பி ஆட்களாக இருந்தால், சட்டம் அதை எச்-1பியைச் சார்ந்த நிறுவனம் என்கிறது. அது உள்நாட்டில் ஆள் தேடியதாகவும், அமெரிக்கர் யாரையும் வேலையிலிருந்து தள்ளவில்லை என்றும் கூடுதல் உறுதி தர வேண்டும். ஆனால் அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு சந்து. வரும் ஊழியருக்கு முதுகலைப் பட்டம் இருந்தாலோ, 60,000 டாலர் சம்பளம் கொடுத்தாலோ இந்த உறுதி தேவையில்லை. 1998இல் 60,000 நல்ல சம்பளம். அந்த எண் அப்படியே உறைந்துவிட்டது. இன்று புதிதாகப் படித்து வரும் கணினிப் பொறியாளர் பல நகரங்களில் அதைவிட அதிகம் வாங்குகிறார். அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே சம்பளம் வைப்பது, மற்ற நிறுவனங்களின் கணினி வேலையைச் செய்து கொடுக்கும் சேவை நிறுவனங்களில் நெடுங்காலம் வழக்கமாகவே இருந்தது.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதை ஆர்லாண்டோவில் பார்த்தார்கள். 2014 அக்டோபரில் டிஸ்னி தன் தொழில்நுட்பப் பணியாளர்கள் சுமார் 250 பேரிடம் வேலை முடியப்போகிறது என்றது. போவதற்குமுன் வேலையை வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வந்தவர்களில் பலர், எச்.சி.எல். போன்ற சேவை நிறுவனங்களின் எச்-1பி ஊழியர்கள். ஏறக்குறைய அதே நேரத்தில் கலிஃபோர்னியாவின் எடிசன் மின் நிறுவனத்திலும் இன்ஃபோசிஸ், டி.சி.எஸ். வருகையோடு இதேபோல் நடந்தது. வேலையைச் சொல்லிக்கொடுத்துக் கைமாற்றுவதை சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் கணினி நிறுவன ஆட்கள் கே.டி. என்பார்கள். காவல் நிலையப் பதிவேட்டுக் கேடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இருபது ஆண்டு செய்த வேலையை, தன் நாற்காலிக்கு வந்திருப்பவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டிருக்கும்.

இது எப்படிச் சட்டப்படி ஆயிற்று? ஆளை அனுப்பியது டிஸ்னி. மனுப் போட்டது இன்னொரு நிறுவனம். டிஸ்னி விசா எதுவும் கேட்கவில்லை, ஒப்பந்தம்தான் போட்டது. விசா வைத்திருந்த நிறுவனம் தன் ஊழியர் யாரையும் நீக்கவில்லை. ஒரே செயலை இரண்டாகப் பிரித்து இரண்டு கைகளில் கொடுத்தால், தனித்தனியாக எந்தக் கையிலும் குற்றம் இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் போட்ட வழக்கை 2016இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

சுருக்கமாக: சம்பளப் பாதுகாப்பு என்பது நிறுவனம் தானே எழுதிக் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கின் முதல் இரண்டு படிகள் நடுச் சம்பளத்துக்குக் கீழே. உள்ளூர்க்காரரைத் தேட வேண்டும் என்ற விதி மிகச் சிலருக்கு, அவர்களுக்கும் சந்து உண்டு.

## ஒரே விசா, மூன்று தொழில்

கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்றவை தங்கள் பொருளைத் தாங்களே உருவாக்க ஆள் எடுக்கின்றன. பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த வெளிநாட்டு மாணவர்களை. சம்பளம் அதிகம்.

சேவை நிறுவனங்களின் கணக்கு வேறு. காக்னிசன்ட் 1994இல் சென்னையில் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் நிறுவனத்தின் உள் பிரிவாகத் தொடங்கியது. அது வளர்ந்த வழியைப் பார்த்தால் இந்தத் தொழில் விளங்கும். உதாரணத்துக்கு, ஒரு அமெரிக்க வங்கியின் வேலைக்கு 30 பேர் கொண்ட குழு என்று வைத்துக்கொள்வோம். 25 பேர் சோழிங்கநல்லூரில். ஐந்து பேர் ஆன்சைட், அதாவது வங்கியின் அலுவலகத்திலேயே. லாபம் இந்த 25 பேரில் இருக்கிறது. அந்த ஐந்து பேரும் பாலம். வங்கி என்ன கேட்கிறது என்று இரவு இங்கே சொல்லி, காலையில் முடிந்த வேலையை அங்கே காட்டுவார்கள். இந்த வகையில் எச்-1பி ஆள் எடுக்கும் கருவி என்பதைவிட வேலையைக் கடல் கடத்தும் கருவி. ஆகவே விசாவை மூடினால் வேலை தானாக ஒஹாயோக்காரருக்குத் திரும்பிவிடும் என்ற வாதத்தில் ஓட்டை இருக்கிறது. பாலத்தை இடித்தால் படகு விடுவார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் அமெரிக்க நிறுவனங்கள் நேரடியாகத் திறந்துவைத்திருக்கும் பெரிய அலுவலகங்கள் அந்தப் படகுகள்தாம்.

மூன்றாவது வகை சின்னக் கன்சல்டன்சிகள். ஆளை மனுப் போட்டு அழைத்து, வேலையை அப்புறம் தேடும். வேலை கொடுக்கும் கிளையன்டுக்கும் ஊழியருக்கும் நடுவில் இரண்டு மூன்று வெண்டார்கள், அதாவது இடைத்தரகர்கள். கிளையன்ட் மணிக்கு இவ்வளவு என்று கொடுப்பதில் ஒவ்வொருவரும் ஒரு கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே அனுப்புவார்கள். புராஜெக்ட் இல்லாத நாட்கள் பெஞ்ச். பெஞ்ச் காலத்துக்கும் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மனுச் செலவை ஊழியர் தலையில் கட்டவும் கூடாது. சட்டம் சொல்கிறது என்பது வேறு. என்னோடு நியூ ஜெர்சியில் அறையைப் பகிர்ந்துகொண்ட திருச்சிக்கார நண்பர் மூன்று மாதம் பெஞ்சில் சம்பளமில்லாமல், எங்கள் மூவருக்கும் சமைத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள் என்றோம். "எழுதினா கம்பெனி மாட்டும். கம்பெனி மாட்டினா என் மனு என்னாகும்?" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

## பந்தியும் இலையும்

ஆறு ஆண்டில் முடிகிற விசாவில் எப்படிச் சிலர் பதினைந்து ஆண்டு இருக்கிறார்கள்? இங்கேதான் ஸ்ரீராம் கிருஷ்ணனின் அந்தப் பழைய பதிவு வருகிறது.

கிரீன் கார்டு என்பது நிரந்தரமாகத் தங்கும் உரிமை. அது கிடைத்தால் தாள் ஊழியரின் கைக்கு வந்துவிடும். வேலையின் அடிப்படையில் ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டுகள். அவற்றில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. மனைவி, கணவர், பிள்ளைகளும் இந்தக் கணக்குக்குள்தான்.

ஒரு கல்யாணப் பந்தி என்று வையுங்கள். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் ஊருக்கு ஏழு இலைக்கு மேல் கிடையாது என்கிறார்கள். முப்பது வீடுள்ள சிற்றூர்க்காரர் நேராக வந்து உட்காருவார். பெரிய ஊர்க்காரர் மண்டப வாசலைத் தாண்டித் தெருமுனை வரை நிற்பார். எச்-1பி மனுக்களில் பத்தில் ஏழு இந்தியாவில் பிறந்தவர்களுக்கு. ஆகவே தெருமுனையில் நிற்பவர்கள் நாம்தான். முதுகலை தரத்து வேலைகளுக்கான வரிசையில், 2025இல் இந்தியர்களுக்கு 2013ஆம் ஆண்டுத் தேதிகள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

கணக்கு பிறந்த நாட்டை வைத்து. குடியுரிமையை வைத்து இல்லை. மதுரையில் பிறந்தவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவரும் ஒரே கல்லூரியில் படித்து, ஒரே நிறுவனத்தில், ஒரே நாளில் விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தவர் இலங்கைக் கணக்கில், அதாவது கூட்டம் குறைந்த பொது வரிசையில் நிற்பார். சில ஆண்டுகளில் அவருக்கு முடிந்துவிடும். மதுரைக்காரர் அதே மேசையில், அதே மேலாளரிடம், இன்னும் மனுவைப் புதுப்பித்துக்கொண்டிருப்பார். நிறுவனம் கிரீன் கார்டு வேலையைத் தொடங்கி முதல் ஒப்புதல் வாங்கிவிட்டால், ஆறு ஆண்டுக்குப் பிறகும் எச்-1பியை நீட்டிக்கொண்டே போகலாம். சலுகைதான். லயன் வீட்டில் குடியிருக்கும் காலமும் அதோடு நீள்கிறது. பிள்ளைக்கு 21 வயதாகிவிட்டால், ஒரு சிறு கணக்கீட்டுச் சலுகை போக, பெற்றோரின் வரிசையிலிருந்து பிள்ளை கழன்றுவிடும். இரண்டு வயதில் போய் அங்கேயே படித்து வளர்ந்த பிள்ளையாக இருந்தாலும்.

உள்ளூரில் ஆள் தேடியாக வேண்டும் என்ற விதி உண்மையில் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. பெரும்பாலான கிரீன் கார்டு விண்ணப்பங்களுக்கு முன் நிறுவனம் விளம்பரம் செய்து, தகுதியான அமெரிக்கர் யாரும் வரவில்லை என்று காட்ட வேண்டும். பெர்ம் என்று இதைச் சொல்வார்கள். ஆனால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் பல ஆண்டாக உட்கார்ந்திருக்கிறார். யாருக்கு என்று பேசி முடித்த டெண்டருக்கு நம் ஊரில் எப்படி விளம்பரம் வருமோ, அப்படியே அங்கும் வந்தது. மற்ற வேலைகளுக்கு இணையத்திலேயே விண்ணப்பம் வாங்கும் ஃபேஸ்புக், இந்த வேலைகளுக்கு மட்டும் விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்பச் சொன்னது. நீதித் துறை பிடித்தது. 2021இல் 1.425 கோடி டாலர் வரை கொடுக்க ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. இதே மாதிரிப் புகாரில் ஆப்பிள் 2023இல் 2.5 கோடி டாலருக்கு முடித்துக்கொண்டது. தன் ஊழியரை விட்டுவிடக் கூடாதென்று நிறுவனம் செய்தது, வெளியே வேலை தேடிய அமெரிக்கருக்குக் கதவை மறைத்தது. இந்த ஒன்றில் யாரைக் குறை சொல்வது என்று எனக்கே தடுமாற்றம்தான்.

## ஒரு லட்சம் டாலர்

2025 செப்டம்பர் 19 அன்று டிரம்ப் ஓர் அறிவிக்கை போட்டார். புது எச்-1பி மனுவோடு 1,00,000 டாலர் கட்ட வேண்டும். அந்த வார இறுதியில் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தவர்கள் விமான டிக்கெட்டுக்கு ஓடியதை இங்கே பலர் நேரில் பார்த்திருப்போம். பிறகு விளக்கம் வந்தது. ஏற்கெனவே விசா இருப்பவர்களுக்கும், உள்ளே இருந்தபடியே நீட்டிப்பவர்களுக்கும், படித்து முடித்து அங்கேயே எச்-1பிக்கு மாறும் மாணவர்களுக்கும் இது கிடையாது. வெளியிலிருந்து புதிதாக வருபவருக்குத்தான். அதாவது ஆன்சைட் பாலத்தின் மேல் சுங்கச்சாவடி.

இன்னொன்று, குலுக்கலில் எடை. 2025 டிசம்பரில் இறுதியான விதிப்படி நான்காம் படிச் சம்பளக்காரர் பெயர் குடத்தில் நான்கு முறை விழும், முதல் படிக்காரருக்கு ஒருமுறை. முன்பு கொத்தனாரைச் சித்தாள் என்று எழுத ஆசை இருந்தது. இனி சித்தாளைக் கொத்தனார் என்று எழுதவும் ஆசை வரும், ஆனால் அதற்கேற்ற கூலியைக் கொடுக்க வேண்டும். பழைய குலுக்கலைவிட இது மேல் என்றே நினைக்கிறேன். இப்போதுதான் படித்து முடித்த இருபத்து மூன்று வயதுக்காரருக்கு மட்டும் இது இடி.

இரண்டு மாற்றங்களும் உள்ளே வருவதற்கான விலையைத்தான் மாற்றுகின்றன. வந்த பிறகு எளிதாக வெளியேற வழி செய்யவில்லை. மனு ஊழியரின் பெயரிலேயே இருக்கட்டும், அவர் பிடித்த இடத்தில் வேலை பார்க்கட்டும் என்ற யோசனையும் அவ்வப்போது எழும். அப்படி ஆனால் அவரை மலிவாக வைத்திருக்க முடியாது, பக்கத்து மேசை அமெரிக்கருக்கும் அதனால் நன்மை. நிறுவனங்கள் இதற்கு ஆர்வம் காட்டியதில்லை. வெளிநாட்டவர் வரவே வேண்டாம் என்பவர்களும் காட்டியதில்லை. எச்-1பிக்கான படிவம் ஐ-129 இன்றும் பழையபடியே இருக்கிறது. முதல் பகுதி மனுதாரரான நிறுவனத்தைப் பற்றிக் கேட்கிறது. வேலைக்குப் போகிறவரின் பெயர் மூன்றாம் பகுதியில் வருகிறது.